ஆங்கில இலக்கணம், சொல்வளம், வாசிப்பு: தமிழ்வழியில் படிக்கும் 9, 10-ஆம் வகுப்பு மாணவருக்கு 12 வாரப் பயிற்சி

பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களில் அடிக்கடி காணக் கிடைப்பது இது. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றச் சொன்ன கேள்விக்கு முழு மதிப்பெண். அதே மாணவர் அடுத்த பக்கத்தில் எழுதிய கடிதத்தில் "ஹி டிட் நாட் வென்ட்", "ஐ ஆம் ஸ்டடி டென்த் ஸ்டாண்டர்ட்" என்று வரிக்கு ஒரு பிழை. விதி அவருக்குத் தெரியும். விதியைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் பழகியிருக்கிறார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14 மட்டுமே. மீதி 86 மதிப்பெண்ணில் பெரும்பகுதியை உங்கள் கையால் வாக்கியம் எழுதித்தான் வாங்க வேண்டும். இந்தப் பயிற்சி முழுவதும் அதைக் குறிவைத்தே இருக்கிறது: நீங்கள் எழுதியதிலிருந்து பிழையைக் கண்டுபிடிப்பது, அந்தப் பிழை தமிழின் எந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று அறிவது, அதை மட்டும் குறிவைத்துப் பழகுவது.

தேவையானவை: 80 பக்க நோட்டு இரண்டு, ஒரு முழு சார்ட் பேப்பர், பென்சில், சிவப்புப் பேனா, பாடப்புத்தகம், கற்போருக்கென்றே எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதி ஒன்று. நேரம், நாளுக்கு 45 நிமிடம். இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நோட்டில் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலுக்கும் அதுவே பயிற்சி.

முதல் நாள்: ஒரு பக்கம் எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அண்ணன், பாட்டி, யாராக இருந்தாலும் சரி. அவர் தினமும் என்னென்ன செய்வார் என்று பாதிப் பக்கம், நேற்று என்னென்ன செய்தார் என்று பாதிப் பக்கம். 20 நிமிடம். அகராதி, போன், பக்கத்தில் இருப்பவர் எதுவும் வேண்டாம். சொல் வராத இடத்தில் தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டுப் போங்கள்.

'நான்' என்று எழுதாமல் இன்னொருவரைப் பற்றி எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'ஐ' போட்டு எழுதினால் பாதிப் பிழைகள் வெளியே வராது. 'ஹி', 'ஷி' வந்தால்தான் வினைச்சொல்லின் பிழை தெரியும்.

எழுதியதை உடனே திருத்தாதீர்கள். ஒரு நாள் கழியட்டும். உடனே படித்தால் மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும், தாளில் இருப்பதைப் படிக்காது. மறுநாள் நான்கு முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடி. முதல் முறை வினைச்சொற்களுக்கு அடிக்கோடு. இரண்டாம் முறை பெயர்ச்சொற்களைச் சுற்றி வட்டம்: முன்னால் 'எ', 'ஆன்', 'தி' தேவையா, பின்னால் 'எஸ்' தேவையா? மூன்றாம் முறை 'இன்', 'ஆன்', 'அட்', 'டு' போன்ற ப்ரெபொசிஷன்கள். நான்காம் முறை எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் ஒன்றும் சிக்காது.

கண்ட பிழைகளை ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: எழுதியது, சரியானது, ஏன். மூன்றாவது பத்திதான் உயிர்நாடி. அது காலியாக இருந்தால் அதே பிழை அடுத்த வாரமும் வரும். இதைப் பிழை நோட்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்களே கண்டுபிடிக்க முடியாததை ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். "சார், இந்தப் பக்கத்தில் வினைச்சொல் மட்டும் சரியா என்று பாருங்கள்" என்று குறிப்பாகக் கேட்டால், நாற்பது பேர் வகுப்பிலும் அவருக்கு நேரம் கிடைக்கும்.

பிழை எங்கிருந்து வருகிறது

நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியதும் ஒன்று தெரியும். பிழைகள் நூறு வகை அல்ல. ஆறேழு இடங்களிலிருந்துதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த இடங்களில் தமிழ் ஒரு வழியில் போகிறது, ஆங்கிலம் வேறு வழியில் போகிறது.

முதல் இடம், 'ஆம், இஸ், ஆர்'. தமிழில் "அவர் டாக்டர்" என்றாலே முழு வாக்கியம், வினைச்சொல் வேண்டாம். அதனால் "ஹி டாக்டர்" என்று ஆரம்பத்தில் எழுதுவோம். திருத்தித் திருத்தி, பிறகு எல்லா இடத்திலும் 'ஆம்' போட ஆரம்பித்துவிடுவோம்: "ஐ ஆம் லைக் மேங்கோ", "ஐ ஆம் ஸ்டடி". இதற்கு ஒரே சோதனை போதும். 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' இவற்றுக்குப் பின்னால் வரக்கூடியவை: ஒரு பெயர், ஒரு தன்மை, ஓர் இடம், 'இங்' சேர்ந்த வினை, பாஸிவ் என்றால் வினையின் மூன்றாம் வடிவம், 'செய்ய வேண்டும், செய்யவிருக்கிறார்' என்ற பொருளில் 'டு' சேர்ந்த வினை. 'லைக்', 'ஸ்டடி', 'கோ' என்ற வெறும் வினை வரவே வராது. வந்திருந்தால் 'ஆம்' என்பதை அடித்துவிடுங்கள், அல்லது வினையோடு 'இங்' சேருங்கள். எது வேண்டும் என்பதைப் பொருள் சொல்லும். 'லைக்', 'நோ', 'வான்ட்' போன்ற மனநிலை வினைகளுக்கு 'இங்' பொதுவாக ஒத்துவராது. "ஐ ஆம் நோயிங்" தவறு.

இரண்டாம் இடம்தான் மதிப்பெண்ணை அதிகம் தின்பது: 'டிட் நாட் வென்ட்'. "போகவில்லை" என்ற தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. யார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. காலம்கூட இல்லை: "நேற்று வரவில்லை" இறந்தகாலம், "எனக்குத் தெரியவில்லை" நிகழ்காலம். எதிர்மறையில் காலத்தை எங்கே வைப்பது என்று தமிழ் நம்மைக் கேட்டதே இல்லை. ஆங்கிலம் கேட்கும். அதன் பதில், ஓரிடத்தில் மட்டும் வை என்பது. 'வென்ட்' என்பதில் 'கோ' என்ற செயலும் இறந்தகாலமும் சேர்ந்திருக்கின்றன. 'டிட்' வந்தவுடன் இறந்தகாலச் சுமையை அது தூக்கிக்கொள்கிறது. வினை வெறுங்கையோடு 'கோ' என்று நிற்கிறது. "ஹி டிட் நாட் கோ." 'டஸ்' வந்தாலும் இதே கதைதான். 'கோஸ்' என்பதில் இருந்த 'எஸ்' துணைவினைக்குப் போய்விட்டது: "ஹி டஸ் நாட் கோ." கேள்வியிலும் அப்படியே: "டிட் ஹி கோ?", "டஸ் ஹி கோ?" துணைவினை கையில் சுமை இருந்தால் முதன்மை வினை கையில் இருக்கக் கூடாது. இந்த ஒன்று கைவந்தால் பிழை நோட்டின் நீளம் கண்கூடாகக் குறையும்.

மூன்றாவது, 'எஸ்'. "தி பாய்ஸ் ரன்ஸ்" என்று எழுதுவோம், அல்லது "தி பாய் ரன்" என்று விடுவோம். பெயரில் 'எஸ்' வந்தால் பன்மை, வினையில் 'எஸ்' வந்தால் ஒருமை. நிகழ்காலத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்: "தி பாய் ரன்ஸ்", "தி பாய்ஸ் ரன்". 'சில்ட்ரன்', 'மென்', 'பீப்பிள்' இவற்றில் 'எஸ்' தெரியாவிட்டாலும் அவை பன்மைதான். அஃறிணையில் "இரண்டு புத்தகம்" என்று பன்மை விகுதி இல்லாமல் சொல்வது நமக்கு இயல்பு என்பதால், "டூ புக்" என்று எழுதுகிறோமா என்று தனியாகப் பாருங்கள். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'ஹோம்வொர்க்' இவற்றுக்கு 'எஸ்' சேராது.

ஆர்ட்டிகிள் தமிழில் இல்லை, அதனால் கடினம் என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் தமிழே இதற்கு ஒரு சாவி வைத்திருக்கிறது: இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ'. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நமக்கு முன்பே தெரிந்த அந்தப் புத்தகம். முதலாவது "ஐ பாட் எ புக்", இரண்டாவது "ஐ பாட் தி புக்". அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது தமிழில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். 'ஐ' தானாக வந்தால் பெரும்பாலும் 'தி', வராவிட்டால் 'எ' அல்லது 'ஆன்'. உயர்திணைக்கு இந்தச் சாவி பொருந்தாது. "ஒரு பையனைப் பார்த்தேன்" என்று அங்கே 'ஐ' எப்போதும் வந்துவிடும்.

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதற்கும் தமிழ் எழுத்து உதவும். அடுத்த சொல்லை ஒலிப்படி தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. எம்.எல்.ஏ. என்பது 'எ'-யில் தொடங்குகிறது, எனவே 'ஆன்'. யூனிஃபார்ம் 'ய'-வில் தொடங்குகிறது, எனவே 'எ'. சில சொற்கள் ஏமாற்றும், 'ஒன்' என்ற எண்ணைப் போல. ஆங்கிலத்தில் அது 'வ' போல உதடு குவித்துத் தொடங்குவதால் 'எ' தான்.

ப்ரெபொசிஷனுக்கு அப்படிச் சாவி கிடையாது. மேசையில், மதுரையில், பஸ்ஸில், காலையில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு 'இல்' போதும். ஆங்கிலத்தில் அது 'ஆன்', 'இன்', 'பை', 'இன்' என்று பிரிந்துபோகும். நேரத்துக்கு மட்டும் விதி உதவும்: கடிகார நேரத்துக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. மற்றதை வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பழக வேண்டும்: 'லிஸன் டு', 'வெயிட் ஃபார்', 'டிபெண்ட் ஆன்'. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' வராது. 'பற்றிப் பேசினோம்' என்ற தமிழ்தான் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 'வீட்டுக்குப் போனேன்' என்பதில் 'கு' இருந்தாலும் "ஐ வென்ட் ஹோம்" என்பதில் 'டு' கிடையாது.

இன்னும் ஒன்று, கட்டுரைகளில் அதிகம். "நேற்று வந்திருந்தார்" என்று சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் "ஹி ஹாட் கம் எஸ்டர்டே" என்கிறோம். 'ஹாட்' போட வேண்டுமானால் இறந்தகாலத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், இது அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும்: "தி ட்ரெயின் ஹாட் லெஃப்ட் வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன்." ஒரே நிகழ்ச்சி என்றால் "ஹி கேம் எஸ்டர்டே" போதும்.

இலக்கணம்: தினமும் 15 நிமிடம்

பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவது விதி தெரிகிறதா என்று பார்க்க உதவும். எழுதும் கைக்குப் பழக்கம் வர, ஒரே வாக்கியத்தைப் பல வடிவில் மாற்றி எழுத வேண்டும். அன்று நடந்த பாடத்திலிருந்து ஒரு சிறு வாக்கியம் எடுங்கள். "மை சிஸ்டர் ரைட்ஸ் எ லெட்டர் எவ்ரி சண்டே" என்று வைத்துக்கொண்டால், வரிசை இப்படிப் போகும்:

"மை சிஸ்டர் டஸ் நாட் ரைட் எ லெட்டர் எவ்ரி சண்டே."
"டஸ் யுவர் சிஸ்டர் ரைட் எ லெட்டர் எவ்ரி சண்டே?"
"மை சிஸ்டர் ரோட் எ லெட்டர் லாஸ்ட் சண்டே."
"மை சிஸ்டர் டிட் நாட் ரைட் எ லெட்டர் லாஸ்ட் சண்டே."
"மை சிஸ்டர் இஸ் ரைட்டிங் எ லெட்டர் நவ்."
"மை சிஸ்டர்ஸ் ரைட் லெட்டர்ஸ் எவ்ரி சண்டே."
"எ லெட்டர் இஸ் ரிட்டன் பை மை சிஸ்டர் எவ்ரி சண்டே."

ஏழு வரி, எட்டு நிமிடம். பார்த்து எழுதாமல், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிய பின் எழுதுங்கள். மீதி ஏழு நிமிடத்தில் பிழை நோட்டிலிருந்து ஒரு பிழையை எடுத்து, அது வரக்கூடிய ஐந்து புதிய வாக்கியங்களை எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை. திங்கள் ஆர்ட்டிகிள், செவ்வாய் டென்ஸ் என்று தாவினால் எதுவும் கையில் ஒட்டாது.

ஒழுங்கற்ற வினைகளின் மூன்று வடிவங்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒலி ஒத்தவற்றைக் கூட்டுங்கள்: 'சிங், சாங், சங்' போல 'ட்ரிங்க்', 'ரிங்', 'ஸ்விம்', 'கட், கட், கட்' போல 'புட்', 'ஹிட்', 'ஷட்', 'ப்ரிங், ப்ராட், ப்ராட்' போல 'பை', 'திங்க்', 'டீச்', 'கேட்ச்'. நாளுக்கு ஒரு கூட்டம் போதும்.

பாஸிவ் வாய்ஸைச் சூத்திரமாக மட்டும் படித்தவர்கள் கேள்வித்தாளுக்கு வெளியே அதைப் பயன்படுத்துவதே இல்லை. தமிழில் இதற்கு இணையாக நாம் தினமும் சொல்வது 'படு' சேர்த்த வாக்கியம் அல்ல. "பூட்டை உடைத்திருக்கிறார்கள்" என்கிறோமே, அதுதான். யார் உடைத்தார்கள் என்று தெரியாது, ஆனாலும் 'ஆர்கள்' போட்டுச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் பாஸிவ் வரும்: "தி லாக் ஹாஸ் பீன் ப்ரோக்கன்." செய்தித் தலைப்புகளில் 'சாலையை மறித்தனர்', 'விடுமுறை அறிவித்துள்ளனர்' போன்றவற்றை எடுத்து மாற்றிப் பாருங்கள். செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்குப் பாஸிவ் கிடையாது. "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்" என்பது அதனால்தான் தவறு.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் தடுமாற்றம் 'என்று' என்ற சொல்லால் வருகிறது. "எங்கே போகிறாய் என்று கேட்டார்" என்னும்போது, அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் 'என்று' ஒட்டிவிட்டால் தமிழில் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் சொன்ன சொற்களே மாறும். 'யூ' என்பது 'ஐ' ஆகும், 'ஆர்' என்பது 'வாஸ்' ஆகும், கேள்வியின் முறை கலைந்து சாதாரண வாக்கிய வரிசை வரும்: "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்." 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுவதும், 'என்று' இருக்கிறதே என்று 'தட்' சேர்ப்பதும் இங்கே வரும் இரண்டு பிழைகள்.

சொல்வளம்: தினமும் 10 நிமிடம்

அகராதியை 'ஏ'-யிலிருந்து மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. எல்லாச் சொற்களும் சமமாக வருவதில்லை. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953-ல் பட்டியலாக வெளியிட்டார். சாதாரணப் பக்கம் எதை எடுத்தாலும் பெரும்பாலான இடத்தை நிரப்புவது இப்படிப்பட்ட சொற்களே. 'எனஃப்', 'அலௌ', 'ரீசன்', 'அமங்', 'சடன்லி' இவை உறுதியாகத் தெரியாமல் அரிய சொற்களைத் தேடிப் போக வேண்டாம்.

நாளுக்கு ஐந்து சொல், அதிகம் போனால் ஏழு. அன்று படித்ததிலிருந்தே எடுங்கள். சார்ட் பேப்பரை நீளவாக்கில் மூன்று முறையும் அகலவாக்கில் மூன்று முறையும் பாதி பாதியாக மடித்து மடிப்பில் வெட்டினால் 64 அட்டை கிடைக்கும். முன்பக்கம் சொல்லும், அது வந்த வாக்கியமும். பின்பக்கம் அந்த வாக்கியத்தில் அதற்குள்ள தமிழ்ப் பொருள், கூட வரும் துணைச்சொல், நீங்கள் எழுதிய ஒரு வாக்கியம். பொருள் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு ஆர்வம், வட்டி, நலன் என்று மூன்றையும் எழுதினால் வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட வராது.

துணைச்சொல் ஏன் என்றால், தனிச்சொல்லைத் தெரிந்துகொண்டு தமிழ் முறையில் கோத்தால் பிழையாகிவிடும். மருந்து சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் அது 'டேக் மெடிசின்'. கனவு காண்கிறோம், "ஐ ஸா எ ட்ரீம்" என்று வராது, "ஐ ஹாட் எ ட்ரீம்". லைட்டைப் போடுகிறோம், 'டர்ன் ஆன் தி லைட்'. 'மெடிசின்' அட்டையில் 'டேக்' இல்லை என்றால் அந்த அட்டை பாதிதான்.

மறப்பதைப் பற்றி வருந்த வேண்டாம், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்றது முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும்தான் வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். எனவே நாளை ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து கவர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கவர் தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நான்கு நாளுக்கு, நான்காவது வாரத்துக்கு, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பொருள் நினைவுக்கு வந்தால் அட்டை அடுத்த கவருக்கு. வரவில்லை என்றால் எந்தக் கவரிலிருந்து வந்ததானாலும் முதல் கவருக்கே. பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஐந்து நொடி முயலுங்கள். அந்த ஐந்து நொடி முயற்சிதான் நினைவில் பதிக்கிறது. பார்த்துப் பார்த்துப் படிப்பது தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தை மட்டும் தரும். ஞாயிற்றுக்கிழமை அட்டைகளைத் திருப்பிப் பிடித்து, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாருங்கள். கடினமாக இருக்கும், எழுத்துக்கு உதவுவது அதுதான்.

சேர்த்துப் படிக்கக் கூடாதவை உண்டு. 'அஃபெக்ட், எஃபெக்ட்', 'பாரோ, லெண்ட்', 'அட்வைஸ்' பெயரும் வினையும், இவற்றை ஒரே நாளில் எடுத்தால் எது எது என்று காலத்துக்கும் குழம்பும். ஒன்றை உறுதியாக்கிய பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றது. குடும்பச் சொற்களை மாறாகச் சேர்த்தே படிக்கலாம்: 'டிசைட், டிசிஷன், டிசைசிவ்'. ஒரு மதிப்பெண் பகுதியில் முன்னொட்டும் பின்னொட்டும் கேட்பதால் இது நேரடியாகவே பயன்படும்.

எழுத்துக்கூட்டலுக்குப் பத்து முறை எழுதுவதைவிட, பார்த்து, மூடி, எழுதி, ஒப்பிடுவது நல்லது. தவறான எழுத்தை மட்டும் சிவப்பில் காட்டுங்கள். 'நெசஸரி'யில் ஒரு 'சி', இரண்டு 'எஸ்'. அந்த இடத்தை மட்டும் கண் பார்த்தால் போதும்.

வாசிப்பு: தினமும் 20 நிமிடம்

எல்லா இடத்திலும் தவறு நடப்பது புத்தகத் தேர்வில். கடினமானதைப் படித்தால் ஆங்கிலம் வேகமாக வரும் என்று நினைத்து, வரிக்கு மூன்று சொல் அகராதியில் பார்த்து, நான்காம் நாள் நிறுத்திவிடுகிறோம். அகராதி இல்லாமல் ஓரளவு நன்றாகப் புரிய வேண்டுமானால் நூற்றில் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நீங்களே அளக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொல் எண்ணிக் கோடிடுங்கள். தெரியாதவை இரண்டு, மூன்று என்றால் தானாகப் படிக்கலாம். ஐந்து, ஆறு என்றால் ஆசிரியர் அல்லது அகராதி உதவியோடு படிக்க வேண்டியது. பத்து என்றால் இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

பத்தாம் வகுப்புப் பாடம் பலருக்கு இந்த மூன்றாம் வகையில் இருக்கும். ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். அங்கிருந்து வேகமாக ஏறி வரலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை ஒன்று முதல் நான்கு வரை கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. முதலில் ஆங்கிலத்தில் படித்து, பிறகு தமிழில் சரிபாருங்கள். முறையை மாற்றினால் கதை முன்பே தெரிந்துவிடும், கண் ஆங்கிலத்தைத் தாண்டிப் போய்விடும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்.

வாரத்தில் நான்கு நாள் வேக வாசிப்பு: எளிய கதை, அகராதி இல்லை, நிறுத்தம் இல்லை, முடிந்ததும் கதையை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்று நாள் ஆழ்ந்த வாசிப்பு: பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. ஆழ்ந்த வாசிப்பு எப்படி என்று இந்த மூன்று வாக்கியத்தில் பார்ப்போம்.

"தி வெல் ஹாட் பீன் ட்ரை ஃபார் டூ சம்மர்ஸ். நோபடி இன் தி வில்லேஜ் பாதர்ட் டு கவர் இட். வென் எ காஃப் ஃபெல் இன், ஹௌஎவர், தி எல்டர்ஸ் ரிக்ரெட்டட் தேர் நெக்லெக்ட்."

'பாதர்ட்', 'ரிக்ரெட்டட்', 'நெக்லெக்ட்' மூன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அகராதியைத் தொடாமல் முதலில் வினைகளைத் தேடுங்கள்: 'ஹாட் பீன்', 'பாதர்ட்', 'ஃபெல்', 'ரிக்ரெட்டட்'. அடுத்து சுட்டுச்சொற்கள். 'இட்' என்பது எது? கிணறு. 'தேர்' யாருடையது? பெரியவர்களுடையது. வற்றிய கிணறு, அதை மூட யாரும் ஏதோ செய்யவில்லை: 'பாதர்ட்' என்பது 'அக்கறைப்பட்டார்கள், மெனக்கெட்டார்கள்' என்ற பக்கம் போகிறது, 'நோபடி' அதை எதிர்மறையாக்குகிறது. பிறகு 'ஹௌஎவர்'. கதை திரும்புகிறது என்று அறிவிக்கும் சொல் அது. கன்று விழுந்ததும் பெரியவர்கள் தங்களுடைய எதையோ நினைத்து ஏதோ செய்தார்கள். முந்தைய வாக்கியம் சொன்ன தவறு எது? மூடாமல் விட்டது. அப்படியென்றால் 'நெக்லெக்ட்' அந்த அலட்சியம், 'ரிக்ரெட்டட்' வருந்தினார்கள். ஊகித்த பின்பே அகராதி. உங்கள் ஊகம் சரியா என்று பார்க்க மட்டும். இப்படி ஊகித்து உறுதியான சொல்லைத்தான் அட்டைக்கு எடுக்க வேண்டும்.

கேள்விக்கும் இதே பாதைதான். "வை டிட் தி எல்டர்ஸ் ஃபீல் ஸாரி?" என்று கேட்டால் பத்தியில் 'ஸாரி' என்ற சொல்லைத் தேடிக் கிடைக்காமல் திகைப்போம். கேள்வி கேட்பவர் வேண்டுமென்றே சொல்லை மாற்றிக் கேட்பார். 'ரிக்ரெட்டட்' இருக்கும் வரிக்குப் போய், காரணம் ஒரு வரி முன்னால் இருப்பதைக் காண வேண்டும். விடையை முழு வாக்கியமாக, கேள்வியின் காலத்திலேயே எழுதுங்கள்: "தே ஃபெல்ட் ஸாரி பிகாஸ் தே ஹாட் நாட் கவர்ட் தி வெல்." பத்தியிலிருந்து இரண்டு வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் புரிந்ததற்கு அது சான்றாகாது.

நீண்ட வாக்கியம் குழப்பினால், தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர் திசையில் விரிவதை நினையுங்கள். "நேற்று கடையில் நான் பார்த்த பையன்" என்று தமிழில் விளக்கம் முன்னால், பையன் கடைசியில். ஆங்கிலத்தில் பையன் முதலில், விளக்கம் பின்னால்: "தி பாய் ஹூம் ஐ ஸா இன் தி ஷாப் எஸ்டர்டே". 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்கும் இடத்தில் பென்சிலால் அடைப்புக்குறி திறந்து, விளக்கம் முடியும் இடத்தில் மூடுங்கள். வெளியே மிஞ்சுவதுதான் வாக்கியத்தின் உடல்.

வாரம் எப்படி ஓடும்

ஞாயிறு மட்டும் முறை வேறு: இலக்கணப் பயிற்சிக்குப் பதில் ஒரு பக்கம் எழுத்து, திங்களன்று திருத்தம். தலைப்பைத் தேர்வில் கேட்பவற்றிலிருந்தே எடுங்கள்: ஒரு வாரம் கடிதம், ஒரு வாரம் அறிவிப்பு, ஒரு வாரம் விளம்பரம், ஒரு வாரம் படத்தைப் பார்த்து எழுதுவது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 90 நிமிடம் உட்கார வேண்டாம். அட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு வழக்கமான 45 நிமிடத்துக்குத் திரும்புங்கள். முதல் கவரில் 30 அட்டைக்கு மேல் சேர்ந்தால் புதிய சொல் எடுப்பதை நிறுத்தி, அது பத்தாகக் குறையும் வரை பழையதையே பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழை இட்டு ஆங்கிலத்தைப் பெற்று நகலெடுத்தால் பிழை நோட்டு காலியாக இருக்கும். கையும் அப்படியே இருக்கும். செயலியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், நீங்கள் எழுதி முடித்த பிறகு, ஐயமுள்ள ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க மட்டும்.

பன்னிரண்டாம் வார ஞாயிறன்று முதல் நாள் எழுதிய அதே தலைப்பை, பழைய பக்கத்தைப் பார்க்காமல், அதே 20 நிமிடத்தில் மறுபடி எழுதுங்கள். மறுநாள் நான்கு முறை படித்துத் திருத்தி, இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்து வினைச்சொல் பிழை எத்தனை, ஆர்ட்டிகிள் பிழை எத்தனை என்று வகைவாரியாக எண்ணுங்கள். எந்த வகை குறையவே இல்லையோ, அதற்குப் பிழை நோட்டின் மூன்றாவது பத்தியில் என்ன காரணம் எழுதியிருந்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் காரணம் தவறாக இருக்கும், அல்லது எழுதப்படாமலே விட்டிருக்கும். அந்த ஒரு வகையோடு அடுத்த நான்கு வாரத்தைத் தொடங்குங்கள்.